பிடிமண்ணில் முளைத்த புளியாரை

1

பொங்கல் வந்து போனது. அதோடு நான் செஞ்சிச் சீமையை விட்டு மெல்பர்னுக்கு வந்து இரண்டு வருஷம் நிறைந்தது. அன்றைக்குக் காலையிலும் வழக்கம்போல் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்புறம் போனேன். வழக்கம்போல் பக்கத்து வீட்டுக்காரி பலகை வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். நானும் வழக்கம்போல் துணிக்கொடியைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன். கொடியில் ஒரு துணிகூட இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள், புத்தகமாகப் போடுகிறோம் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்களாம். என்னை யாரும் நேரில் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நானும் வெளிநாட்டில்தானே இருக்கிறேன்? என் பெயர் பச்சையம்மாள். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, களை எடுத்தது எல்லாம் சிங்கவரத்தில். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்குகிற காலத்தில் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். நான் சொல்லியிருக்கிற விஷயத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் எனக்குச் சந்தேகக்காரி என்று பெயர். செஞ்சி சந்தையில் தராசுத் தட்டைத் தூக்கி, அடியில் புளியை ஒட்டவைத்திருக்கிறானா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் காய் வாங்குவேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது அந்த நேரத்தில் மட்டும் பக்கத்துக் கடைக்கு நகர்ந்து போய் நின்றுகொள்வார். அவருக்கு வெட்கம். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஒன்றிரண்டு தடவை புளி இருந்தது.

அப்படிப்பட்டவளை ஒரு வெள்ளைக்காரக் கிழவி தினமும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதுவும் அந்த வேலி மூலையில் என்ன இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்கிறபோது.

2

எங்கள் குலதெய்வம் பச்சையம்மன். அவள் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். சிங்கவரத்துக்கு அந்தாண்டை ஒரு பாறைச் சரிவில் வேப்பமரத்தடியில் இருக்கிறாள். அங்கே நின்று பார்த்தால் செஞ்சிக் கோட்டை ராஜகிரி உச்சி தெரியும். என் தம்பி ஏழுமலைதான் அவளுக்குப் பூசாரி. மற்ற நாளில் உழவு டிராக்டர் ஓட்டுவான்.

தூரதேசம் போய்விட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து அவளுக்குப் பொங்கல் வைக்க முடியாது. அப்படிப் போகிறவர்கள் அவள் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய், போகிற ஊரில் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துக் கும்பிட்டால் அவள் அங்கேயும் இருப்பாள். இதற்குப் பிடிமண் என்று பெயர். ஆனால் நாமாக அள்ளிக்கொண்டு போக முடியாது. அவளைக் கேட்க வேண்டும். அவள் தலையில் பூ வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் வருகிறாள். இடப்பக்கம் விழுந்தால் வரமாட்டாள்.

நான் புறப்படுவதற்கு முன்னால் ஏழுமலை பூ வைத்தான். சூடம் காட்டி முடிப்பதற்குள் வலப்பக்கம் விழுந்துவிட்டது.

"ஏழுமல, காத்தா இருக்குமோடா?" என்று கேட்டேன்.

"அக்கா, உனக்கு அவகிட்டயே சந்தேகமா? எங்கயாவது போ, நீ திருந்தவே மாட்ட" என்றான்.

ஒரு பிடி அள்ளி, மஞ்சளும் குங்குமமும் கலந்து, மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தான். அதை மல்லிப்பொடிக்கும் மிளகாய்ப்பொடிக்கும் நடுவில் பெட்டிக்குள் வைத்தேன். என்னைக் கூட்டிப் போக வந்திருந்த என் மகள் செல்வியிடம் சொல்லவில்லை. அவள் மெல்பர்னில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். எதையும் சட்டம் பார்த்துச் செய்கிறவள்.

விமானத்தில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். செல்வி அதைப் படித்துப் படித்து என்னைக் கேட்டாள்.

"எம்மா, பொட்டியில மண்ணு, விதை, செடி ஏதாவது இருக்குதா?"

"மண்ண இன்னாத்துக்குடி நான் தூக்கிட்டு வரப் போறேன்?"

நான் பொய் சொல்லவில்லை. அது மண் இல்லை. அம்மன்.

செல்வி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னவோ எழுதினாள்.

இறங்கின இடத்தில் வயசானவள் என்று சக்கர நாற்காலியில் உட்காரவைத்து என்னை முன்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது, சொன்னால் யார் கேட்கிறார்கள்? செல்வி பெட்டிகளோடு வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். "இன்னாடி இம்மாம் நேரம்?" என்றதற்கு, "கூட்டம்மா" என்றாள். வீட்டுக்குப் போனதும் அலுப்பில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். முடிச்சு பத்திரமாக இருந்தது. அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினேன். கொஞ்சம் ஈரமாக, கட்டி கட்டியாகப் பிடித்தது. நம் ஊர் மண் அப்படிப் பிடிக்காது, விரலிடுக்கில் சரசரவென்று இறங்கும். விமானத்தில் ஐஸ்பெட்டி மாதிரி குளிர் அடித்ததே, மண்ணுக்கும் ஜலதோஷம் பிடித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். வேலி மூலையில் சின்னதாகக் குழி பறித்து அதைப் போட்டு, ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசினேன். செல்வி கேட்டபோது, "கும்பிட ஒரு கல்லு வேணாமா?" என்றேன்.

3

இங்கே பொழுது எப்படிப் போகிறது என்று ஊரில் போன் செய்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். போகிறது. செல்வி வேலைக்குப் போய்விடுவாள். மருமகன் லாரி ஓட்டுகிறார், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். பேத்தி யாழினிக்குப் பதினைந்து வயசு. முதல் வருஷம் "ஆயா, ஆயா" என்று கூடவே இருந்தாள். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு யாரோடோ இங்கிலீஷில் சிரிக்கிறாள். நான் கதவைத் தட்டி "சாப்டியா?" என்றால் உள்ளேயிருந்து "யா" என்று ஒரு சத்தம் வரும். அது ஆமாமா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்கே எனக்குச் சில மாதம் ஆனது.

ஆபீஸ் விஷயம் ஒன்று. நான் இங்கேயே தங்குவதற்கு விசா கேட்டிருக்கிறோம். எந்த ஆபீசுக்குப் போனாலும் "மிஸஸ் கோவிந்தன்" என்று கூப்பிடுகிறார்கள். கோவிந்தன் என்னைப் பெற்ற நைனா பெயர். இந்த ஊரில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் ஒன்று இருந்தாக வேண்டுமாம். எனக்கு இல்லாததால் நைனாவை எடுத்து மாட்டிவிட்டார்கள். நைனா செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது திண்டிவனம் தாண்டினதில்லை. அவர் பெயரைக் கூப்பிட்டால் இங்கே நான் எழுந்து நிற்கிறேன்.

கைரேகை எடுக்கப் போனோம். கண்ணாடிமேல் விரலை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். ரேகையே விழவில்லை. துடைத்துவிட்டு அழுத்தச் சொன்னார்கள், அப்போதும் விழவில்லை. அங்கே இருந்த பெண் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். களைக்கொத்துப் பிடித்த கை. ரேகையை எல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் விட்டுவிட்டு வந்தவள் நான். அவளோ என்னவோ நானே வேண்டுமென்று ரேகையை மறைத்துவிட்ட மாதிரி பார்த்தாள். இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், நான் வந்த முதல் குளிர்காலம் முடிந்து வெயில் திரும்பின சமயம். ஒருநாள் காலையில் தண்ணீர் ஊற்றப் போனால், கல்லைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் பச்சை. குனிந்து பார்த்தேன். மும்மூன்று இலை, ஒவ்வொன்றும் நெஞ்சு பிளந்த மாதிரி. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். கண்ணைச் சுருக்கவைக்கிற அதே புளிப்பு.

புளியாரை!

அதைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டீர்கள். மோட்டார் கொட்டகை வாய்க்கால் ஓரத்தில், கோட்டைப் படிக்கட்டுக் கல்லிடுக்கில், எங்கே ஈரம் கண்டாலும் தரையோடு படர்ந்து கிடக்கும். மல்லாட்டைக் கொல்லையில் அது எங்களுக்கு எதிரி. மேலாக இழுத்தால் அறுந்துகொண்டு வரும், வேர் உள்ளே நின்றுவிடும். நான் ஆயுசெல்லாம் வைதுகொண்டே பிடுங்கின செடி. அதைப் பார்த்து இங்கே உட்கார்ந்து அழுதேன்.

உடனே ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"ஏழுமல, அவ வந்துட்டாடா. நம்ம மண்ணுல இருந்து புளியார மொளச்சிருக்குது."

"பார்த்தியா? நான் இன்னா சொன்னேன்? இனிமேலாவது சந்தேகப்படாத இருக்கா."

அன்றிலிருந்து இந்த ஊர் எனக்குக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அம்மனே வந்து முளைத்துவிட்டாள், நமக்கென்ன என்று ஒரு தைரியம்.

அந்தத் தைரியம் போன மார்கழிக் கடைசி வரைக்கும் இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது டிவியில் விமான நிலையத்தைக் காட்டினார்கள். ஒருத்தர் பெட்டியிலிருந்து மண்ணோடு ஒரு செடியை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். ஒரு நாய் வேறு நின்றது.

"அது இன்னாடி?" என்றேன்.

"வெளிநாட்டு மண்ணு, செடி எல்லாம் சொல்லாம கொண்டாரக் கூடாதும்மா. பெரிய தப்பு. அபராதம் போடுவாங்க, சில பேருக்கு விசாவே போயிடும்" என்று செல்வி டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தட்டைத் தள்ளிவைத்தேன். விமானத்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டது செல்வி. மாட்டினால் மாட்டுவது அவள். எனக்கு என்ன, திருப்பி அனுப்பினால் சிங்கவரம் இருக்கிறது. அவள் வேலை, அவள் பேர்?

மறுநாள் காலையில் வேலிப் பக்கம் போனேன். பலகை இடுக்கு வழியாக ஒரு போன் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி என் புளியாரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

4

அவள் பெயர் எலேனி. வெள்ளைக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். கிரீஸ் என்று ஒரு தேசமாம், அங்கேயிருந்து வயசுப் பெண்ணாக வந்தவளாம். புருஷன் போன பிறகு எப்போதும் கறுப்புத் துணிதான். அவளுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்குக் கால்குறை. அதனால் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி.

படம் பிடித்த இரண்டு மூன்று நாளில், பொங்கல் கழிந்த கையோடு, வாசல் மணி அடித்தது. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். திறந்தால் எலேனி. கையில் போன். போனில் என் செடி. அதில் விரலை வைத்துப் படபடவென்று ஏதோ சொன்னாள். எனக்கு "நோ குட்" என்பது மட்டும் புரிந்தது. எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் இன்னொன்று செய்தாள். இரண்டு ஆள்காட்டி விரலையும் தலைக்கு மேலே நட்டுக்கொண்டு என்னைப் பார்த்து ஆட்டினாள்.

கொம்பு!

நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம்? "உனக்கு இன்னா தலையில கொம்பா மொளச்சிருக்குது?" என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் அந்தத் தெருவே ரெண்டுபட்டிருக்கும். ஊர் சட்டம் எல்லாருக்கும் ஒன்று, உனக்கு மட்டும் கொம்பா என்று கேட்கிறாள். கண்டுபிடித்துவிட்டாள். சொல்லிக் கொடுக்கப் போகிறாள்.

"ஆமாம்டி, மொளச்சிருக்குது. போ!" என்று தமிழிலேயே சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

யாராவது வந்து பார்ப்பதற்குள் அதைப் பிடுங்கிவிட வேண்டும். நேராகப் பின்புறம் போய் உட்கார்ந்தேன். எத்தனை காணியில் பிடுங்கின கை! தழையைப் பிடித்தேன், இழுக்க வரவில்லை. அம்மனே மனசு வைத்து முளைத்ததை நானே பிடுங்குவதா? செல்வியை நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

அதில்தான் தப்புச் செய்தேன். புளியாரையில் காய் முற்றியிருந்தது. குட்டி வெண்டைக்காய் மாதிரி நெட்டுக்கு நெட்டாக நிற்குமே, அதுதான். முற்றின காயைத் தொட்டால் படபடவென்று வெடித்து விதையை வாரி இறைத்துவிடும். களை எடுக்கிறவர்கள் அதை முற்றவே விடமாட்டார்கள். எனக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் மறந்தேன். முகத்தில், கையில், புடவையில், கல்லைச் சுற்றி எங்கும் விதை. ஒரு செடியை ஒழிக்கப் போய் ஒரு கொல்லையையே விதைத்துவிட்டேன். வேர் வேறு உள்ளேயே நின்றுவிட்டது.

5

சாயங்காலம் செல்வி வந்தாள். அவள் பின்னாலேயே எலேனியும் வந்தாள். வாசலிலேயே இரண்டு பேரும் பேசிக்கொண்டது கேட்டது. முடிந்தது கதை என்று சமையலறையில் நின்றேன்.

"எம்மா, இங்க வா. எலேனிய நீ மூஞ்சிமேல கதவச் சாத்தி அனுப்பினியாமே?"

"கொம்பு காட்டினாடி என்னைப் பார்த்து!"

செல்வி அதை எலேனியிடம் இங்கிலீஷில் சொன்னாள். எலேனி மார்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு யாழினிகூடக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். அவள்தான் போனை வாங்கிப் பார்த்தாள்.

"ஆயா, இது அந்தச் செடியோட பேரு. ஆக்ஸாலிஸ் கார்னிகுலாட்டா."

"நம்ம செடிக்கு இன்னாத்துக்கு அந்தப் பேரு? யாரு வெச்சது?"

"சயின்ஸ் பேரு ஆயா. எல்லா ஊருக்கும் ஒரே பேரு."

எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அர்த்தம் என்ன என்று கேட்டேன். முதல் பாதிக்கு எலேனி யாழினியை முந்திக்கொண்டாள். அது எங்கள் பாஷை, புளிப்பு என்று அர்த்தம், சின்ன வயசில் கோயில் சுவரோரம் பிடுங்கித் தின்போம் என்று சொன்னாளாம். பார்த்தீர்களா, ஒரு கீரையைக்கூட விட்டுவைக்கவில்லை, அதையும் தன்னுடையது என்கிறாள். "நாங்களும் புளியாரைன்னுதான் சொல்றோம், எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலன்னு சொல்லு" என்றேன். யாழினி அதை எவ்வளவு தூரம் சொன்னாளோ தெரியாது.

அடுத்த பாதி வேறு ஏதோ பழைய பாஷையாம். சின்னக் கொம்பு உள்ளது என்று அர்த்தமாம். அந்தக் காயைத்தான் கொம்பு என்கிறார்கள். நமக்கு வெண்டைக்காய், அவர்களுக்குக் கொம்பு. எலேனி விரலைத் தலையில் வைத்துக் காட்டினது என் கொம்பை இல்லை, அதன் கொம்பை. கொம்பு முற்றுவதற்குள் பிடுங்கு, இல்லாவிட்டால் விதை தெறித்து என் தக்காளித் தொட்டிக்கு வந்துவிடும் என்று சொல்ல வந்தாளாம். வந்த புதிதில் அவள் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை செய்தவளாம். வேலை என்ன வேலை? தொட்டி தொட்டியாக இதே புளியாரையைக் களை எடுப்பது. அதைப் போய் இவள் தினமும் செம்பு வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறாளே, புத்தி சரியில்லாதவளோ என்று அவளுக்கு என்மேல் சந்தேகம். அதற்காகத்தான் எட்டி எட்டிப் பார்த்தாளாம்.

எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதிக்காகக் கேட்டேன்.

"அப்போ, இது எங்க ஊர்ல இருந்து வந்ததுன்னு இவ நெனைக்கலியா?"

எலேனி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். தபால் பெட்டிக்கு அடியில் காட்டினாள். நடைபாதைக் கல்லிடுக்கில் காட்டினாள். பஸ் நிற்கிற இடத்தில் பெஞ்சுக் காலைச் சுற்றிக் காட்டினாள். எங்கும் புளியாரை. இரண்டு வருஷமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை. அவள் கப்பலில் வந்து இறங்கின காலத்திலேயே இருந்ததாம்.

"இதோட சொந்த ஊரு எதுன்னு யாருக்கும் கரெக்டா தெரியாதாம் ஆயா. உலகம் பூரா இருக்குதாம்" என்றாள் யாழினி, போனைப் பார்த்துக்கொண்டே.

பயம் போய்விட்டது. அதோடு இன்னொன்றும் போய்விட்டது. நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது எந்த ஊர் என்றுதான். இந்தச் செடிக்கு அத்தனை நீளப் பேர் வைத்தவர்கள் புளிக்கும் என்றார்கள், கொம்பு இருக்கும் என்றார்கள். எந்த ஊர் என்பதை மட்டும் சொல்லவில்லை. தெருவெல்லாம் முளைக்கிற செடி என் கல்லடியிலும் முளைத்தால் அது எப்படி அம்மன் வந்த அடையாளம் ஆகும்?

வீட்டுக்குள் வந்ததும் என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "அப்போ இது நம்ம அம்மன் மண்ணுல இருந்து வந்ததில்ல."

செல்வி நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எம்மா, ஒன்னு சொன்னா கத்தக்கூடாது."

"கத்துறதும் கத்தாததும் நீ சொல்றதப் பொறுத்து."

"அந்த மண்ணு இங்க வரவேயில்ல. ஏர்போர்ட்லயே போயிடுச்சு."

சிங்கவரத்தில் பெட்டி கட்டும்போதே மஞ்சள் முடிச்சைப் பார்த்துவிட்டாளாம். நான் இல்லை என்றபோதும், சீட்டில் மண் இருக்கிறது என்றுதான் எழுதினாளாம். சொல்லிவிட்டால் குற்றமில்லை, மண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார்களாம். என்னை நாற்காலியில் வைத்து முன்னால் தள்ளிப் போன நேரத்தில் அது நடந்திருக்கிறது.

"எங்க சாமி மண்ணுன்னு சொன்னேம்மா. அந்த ஆபீசரம்மா ரெண்டு கையாலயும் வாங்கித்தான் வெச்சாங்க."

"ரெண்டு கையாலயா? நெசமா சொல்றியா?"

"நெசமாத்தான்."

"அப்போ நான் முடிச்சப் பிரிச்சப்ப இருந்தது இன்னா?"

"நம்ம வீட்டு மண்ணும்மா. நீ தூங்கினப்ப வேலி மூலையில ஒரு பிடி அள்ளி, மஞ்சள் குங்குமம் கலந்து, அவங்க திருப்பிக் குடுத்த அதே துணியில முடிஞ்சி வெச்சேன். உன்னால தாங்க முடியாதுன்னு நெனச்சேன்."

வேலி மூலையிலிருந்து அவள் எடுத்தாள். அதே வேலி மூலையில் நான் போட்டேன்.

தராசுத் தட்டின் அடியில் தடவிப் பார்க்கிறவள் நான். தம்பியைச் சந்தேகப்பட்டேன், காற்றைச் சந்தேகப்பட்டேன், பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டேன். உள்ளங்கையில் கட்டி கட்டியாகப் பிடித்தபோதே கைக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு சந்தேகத்தை மட்டும் நான் வேண்டாம் என்று தள்ளிவிட்டேன்.

நான் கத்தவில்லை. "கைரேக ஆபீசுக்கு நான் வரல. ஊருக்கு டிக்கெட் போடு" என்றேன்.

6

அதற்குப் பிறகு நான் செல்வியிடம் வாயைத் திறக்கவில்லை. அவள் வேலைக்குப் போகுமுன் என் எதிரில் வந்து நிற்பாள். நான் ஜன்னலைப் பார்ப்பேன். டிக்கெட் போட்டாளா இல்லையா என்றும் கேட்கவில்லை. கேட்டால் பேசினதாகிவிடும்.

ஏழுமலைக்கு மட்டும் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது.

"அவ இங்க இல்லாத ஊர்ல நான் எப்படிடா இருக்கிறது?" என்றேன்.

"இல்லன்னு உனக்கு யாரு சொன்னது?"

"மண்ணே வரலியே."

"அதுக்கு நான் இன்னா சொல்றது? நான் இங்க இருக்கிறவன். கல்லு இருக்குது இல்ல? பூ வெச்சிக் கேளு. உன் பேரும் அவ பேரும் ஒன்னு, உன்கிட்ட சொல்லமாட்டாளா?"

கேட்கலாம் என்றுதான் போனேன். இந்த ஊரில் பூ வைத்துக் கேட்பது சுலபமில்லை. காற்று ஓயாது. ஒரே நாளில் வெயில், மழை, புழுதி எல்லாம் வந்து போகும். காற்றில் விழுகிற பூ என்ன பதில் சொல்லும்? காற்று நிற்கட்டும் என்று காத்திருந்தேன். இதற்குள் நான் இறைத்த விதை முளைத்துக் கல்லைச் சுற்றிப் பாய் விரித்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளித் தொட்டியிலும் முளைத்திருக்க வேண்டும். எலேனி என்னைப் பார்த்துத் தலைக்கு மேல் விரலை வைத்துக் காட்டினாள். நானும் பதிலுக்கு வைத்துக் காட்டினேன். பிஞ்சாக இருக்கும்போதே கிள்ளி, பருப்போடு கடைந்து, ஒரு கிண்ணத்தை வேலிக்கு மேலே நீட்டினேன். வாங்கினவள் முதலில் மோந்து பார்த்தாள். கரண்டியால் கிளறி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். அதற்கப்புறம்தான் வாயில் வைத்தாள். இவள் கொஞ்சம் தேவலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

நேற்றுக் காலையில் காற்று நின்றது. இலைகூட அசையவில்லை. குளித்துவிட்டுப் போய்க் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, சூடம் ஏற்றினேன். மல்லிகைக்கு எங்கே போவது? புளியாரைப் பூ ஒன்றைக் கிள்ளினேன். சின்ன மஞ்சள் பூ. கல்லின் உச்சியில் வைத்தேன்.

"உன் மண்ணு இல்ல இது. தெரியாம போட்டுட்டேன். நீ இங்க இருக்கிறியா இல்லியா? இருந்தா நான் இருக்கிறேன். இல்லாட்டி என்னை அனுப்பிடு" என்றேன்.

பின்னால் ஜன்னலில் செல்வி நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். வேலைக்குப் போகிற உடுப்பிலேயே, கையில் பையோடு நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலிக்கு மேலே எலேனி தலை முளைத்தது. பேசாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். என்ன ஏது என்று தெரியாமலே அவளும் பலகையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பூவையே பார்த்தாள். சூடம் எரிந்து அணைந்தது. பூ அசையவில்லை. என் முட்டி வலிக்க ஆரம்பித்தது.

பூ விழுந்தது. வலப்பக்கம்.

நான் அம்மனைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. எலேனியைத்தான் பார்த்தேன்.

"நீ ஊதினியா?"

அவள் இரண்டு கையையும் விரித்தாள்.

"பலகைய ஆட்டினியா?"

அதற்கும் கையை விரித்தாள்.

கைரேகை ஆபீசுக்கு அடுத்த வாரம் போக வேண்டும். செல்வி எதுவும் கேட்கவில்லை. நேற்று ராத்திரி புளியாரைக் கடைசலைச் சாப்பிடும்போது, "புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குதும்மா" என்றாள். "அது அப்படித்தான் இருக்கும்" என்றேன். இத்தனை நாளுக்குப் பிறகு அவளிடம் பேசின முதல் பேச்சு அது. வருகிறேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளைக் காலையில் காற்று இல்லாவிட்டால் மறுபடி கேட்பேன். எலேனியை வேலியைவிட்டு நாலடி தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன். தள்ளித்தான் நிற்கிறாளா என்று பலகை இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டுத்தான் பூ வைப்பேன்.